போர்ஷே இன்ஜினுக்குள் பிள்ளைகளின் களிமண் எதற்கு? ஒன்றரை மில்லிமீட்டரை அளக்கும் கதை

பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின். பிரித்து, கழுவி, புதுப் பாகங்கள் போட்டு ஸ்டாண்டில் ஏற்றியிருக்கிறார்கள். எல்கேஜி பிள்ளைகள் யானை பொம்மை செய்யும் கலர் களிமண்ணைக் கொஞ்சம் உருட்டி, அதன் பிஸ்டன் தலையில் ஒட்டுகிறார் மெக்கானிக். மேலே எல்லாவற்றையும் பூட்டுகிறார். கையால் இன்ஜினை இரண்டு சுற்று சுற்றுகிறார். பிறகு பூட்டிய அத்தனையையும் மறுபடி கழற்றுகிறார்.

பார்ப்பவருக்கு விளையாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த இன்ஜின் இன்னும் 20 வருஷம் ஓடுமா, ஸ்டார்ட் செய்த அன்றைக்கே உடையுமா என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடிய சோதனை இது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்பதுதான் கேள்வி. போர்ஷே 911-இன் பழைய ஏர்கூல்டு இன்ஜினைப் புதுப்பிப்பவர்கள் இதற்காகவே பல மணி நேரம் செலவழிக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், இது என்ன இன்ஜின்?

1963 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே ஒரு புதிய காரைக் காட்டியது. அப்போது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுக்கே உரியவை என்று பிரான்ஸின் பெஜோ நிறுவனம் சொன்னதால், அது 911 ஆனது. முதல் இன்ஜின் 1,991 சிசி, 130 குதிரைத்திறன். பின்னால் பெரிதும் பேசப்பட்ட பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர்.

இந்த இன்ஜினில் ஆறு சிலிண்டர்கள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. நிமிர்ந்து நிற்காமல் படுத்த நிலையில், ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. பெரிய ஃபேன் ஒன்று காற்றைத் தள்ளும். மீதி வெப்பத்தை ஆயில் எடுத்துக்கொள்ளும். அளவு பெருகியது, சக்தி பெருகியது. ஆனாலும் இந்த அடிப்படை அமைப்பு 1998 வரை மாறவில்லை. அதன் பிறகு 911 தண்ணீருக்கு மாறிவிட்டது.

நம்மூரில் புல்லட் ஓட்டியவர்களுக்கு ஏர்கூல்டு புதிதல்ல. சென்னையில் தயாராகும் அந்த பைக்கின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இறக்கைகள் மாதிரி உலோகத் தகடுகள் இருக்கும். காற்று அவற்றின் நடுவே போய் வெப்பத்தை எடுத்துவரும். 911-இலும் அதே தத்துவம்தான். வித்தியாசம், ஒன்றுக்குப் பதில் ஆறு சிலிண்டர். அதுவும் காரின் பின்பக்கம், காற்று நேரடியாகப் படாத இடத்தில்.

இன்றைய பெரும்பாலான கார்களில் சிலிண்டர்கள் எல்லாம் ஒரே வார்ப்பில், ஒரே பிளாக்காக இருக்கும். 911-இல் அப்படியில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனி. ஒவ்வொரு ஹெட்டும் தனித்தனி. கிராங்க் கேஸ் மேல் ஒரு மெல்லிய கேஸ்கெட், அதன் மேல் சிலிண்டர், அதன் மேல் ஹெட். மூன்று ஹெட்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு நீளமான பெட்டி, அதற்குள் கேம் ஷாஃப்ட். டிபன் கேரியர் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்பு. ஒரு அடுக்கின் உயரம் கொஞ்சம் மாறினாலும் உள்ளே இருக்கும் இடைவெளி மாறிவிடும். மொத்தக் கதையும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

எத்தனை இடைவெளிகள் இருக்கின்றன?

‘பிஸ்டன் கிளியரன்ஸ்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே. இது குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பெருத்து சுவரோடு கவ்விக்கொள்ளும். ‘இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு’, ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அதிகமானால் பிஸ்டன் ஆடும், சத்தம் வரும், ஆயில் குடிக்கும்.

இரண்டாவது, பிஸ்டன் முழுக்க மேலே வந்து நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே.

மூன்றாவது, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே. களிமண் வேலை முக்கியமாக இதற்குத்தான். மூன்றிலும் ஆபத்தானதும் இதுதான். முதலாவது தப்பானால் பெரும்பாலும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இதில் கிடைக்காது.

சுவர் இடைவெளி: கண்ணால் பார்க்க முடியாத கணக்கு

பிஸ்டனைப் பார்த்தால் வட்டமான உருளை என்று தோன்றும். உண்மையில் அது சரியான வட்டம் இல்லை. லேசான முட்டை வடிவம். மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கும். காரணம், தீப்பிடிக்கும் பக்கமான தலை அதிகம் சூடாகி அதிகம் பெருக்கும். ஓடும் சூட்டில் சரியான உருவத்துக்கு வர வேண்டும் என்பதற்காகவே, குளிரில் கோணலாகக் கடைந்து வைக்கிறார்கள்.

எவ்வளவு பெருக்கும்? 1984 முதல் 1989 வரை வந்த 3.2 லிட்டர் கரேராவின் பிஸ்டன் விட்டம் 95 மி.மீ. பிஸ்டனுக்குப் பயன்படும் அலுமினியக் கலவை, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் அளவில் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு பெருக்கும். 100 டிகிரி சூடேறினால் 95 மி.மீ. பிஸ்டன் கிட்டத்தட்ட 0.19 மி.மீ. பெருக்கும். ஆனால் குளிரில் விடப்படும் சுவர் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுகூட இருக்காது. அப்புறம் எப்படி ஜாம் ஆகாமல் ஓடுகிறது?

சிலிண்டரும் கூடவே பெருப்பதால்தான். இந்த 911-களின் சிலிண்டர்களும் அலுமினியம். உள்சுவரில் நிக்கசில் எனப்படும், நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த கெட்டியான பூச்சு இருக்கும். பிஸ்டனும் சிலிண்டரும் கிட்டத்தட்ட சேர்ந்தே விரிவதால் குறைந்த இடைவெளி போதும். இரும்பு, அலுமினியத்தைவிட ஏறக்குறைய பாதி அளவே பெருக்கும். அதனால் ஆரம்ப கால 911-களில் இருந்த இரும்பு உள்சுவர் சிலிண்டர்களுக்கு வேறு கணக்கு. ‘அந்த இன்ஜினுக்கு இந்த அளவு வைத்தோமே’ என்று இதற்கும் வைத்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அதன் பாவாடைப் பகுதியில், பின் செல்லும் திசைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். தலைப்பகுதியில் அளந்தால் விட்டம் குறைவாகக் காட்டும். சிலிண்டரை போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே அறையில் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த சிலிண்டரையும் ஏசி அறையில் இருந்த பிஸ்டனையும் அளந்து கழித்தால் வருவது இன்ஜினின் எண் அல்ல, அன்றைய வானிலையின் எண்.

வால்வும் பிஸ்டனும் ஏன் மோதிக்கொள்ளப் போகின்றன?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு கட்டம் உண்டு. எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு பிஸ்டன் மேலே வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுசாக மூடவில்லை. அதற்குள் அடுத்த சுற்றுக்கான இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிக்கிறது. இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும் இந்த நேரத்துக்கு ‘ஓவர்லேப்’ என்று பெயர். பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. வால்வுகள் அதை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இதற்காகத்தான் பிஸ்டன் தலையில் இரண்டு பள்ளங்கள் கடைந்திருப்பார்கள். வால்வு அந்தப் பள்ளத்துக்குள் நீட்டிக்கொள்ளும், தொடாது. தொடக் கூடாது.

வேகத்தை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, நொடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. 3.2 கரேராவில் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 74.4 மி.மீ. அப்படியானால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 53 கிலோமீட்டருக்கு மேல். இந்த ஓட்டத்தில் வால்வும் பிஸ்டனும் ஒரு முறை தொட்டுக்கொண்டால் வால்வின் தண்டு வளையும். வளைந்த வால்வு சரியாக மூடாது. அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் போய்விடும். அதுவே நல்ல முடிவு. மோசமான முடிவு, வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுவது. அடுத்த நொடிக்குள் பிஸ்டன், ஹெட், சிலிண்டர் எல்லாம் நொறுங்கிவிடும்.

கம்பெனி புத்தகத்தில் அளவு இருக்குமே?

இருக்கும். அந்த அளவுகள் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த நாளில் இருந்த இன்ஜினுக்கு. இன்று ஸ்டாண்டில் இருப்பது அந்த இன்ஜின் அல்ல.

911-களின் கிராங்க் கேஸ் 1960-களின் இறுதியில் இருந்து 1977 வரை பெரும்பாலும் மக்னீசியத்தில் வார்க்கப்பட்டது. எடை குறைவு. ஆனால் வருஷக்கணக்கில் சூடாகி ஆறியதில் கேஸ் லேசாகக் கோணும். ஹெட்டை இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்களின் மரையும் கழன்று வரும். 1970-களின் 2.7 லிட்டர் இன்ஜின்களில் இது பிரபலமான சிக்கல். இப்படிப்பட்ட கேஸைச் சரிசெய்யும்போது சிலிண்டர் உட்காரும் முகத்தை மெஷினில் சீவிச் சமன்படுத்துவார்கள். சீவிய அளவுக்கு சிலிண்டரும் ஹெட்டும் கீழே இறங்கும். பிஸ்டன் இறங்காது, அது கிராங்கோடு இணைந்தது.

அடுத்து, பழைய ஹெட்டின் முகம் தேய்ந்திருந்தால் அதையும் சீவுவார்கள். இன்னும் கொஞ்சம் இறங்கும். ‘எப்படியும் பிரிச்சாச்சு, கொஞ்சம் பவர் ஏத்திடலாமே’ என்று வால்வை அதிகம் திறக்கும் கேம் போடுவார்கள். வால்வு இன்னும் ஆழமாக நீட்டும். பிஸ்டனும் வேறு கம்பெனியுடையதாக, மேடு உயர்ந்ததாக இருக்கலாம்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பிரிப்பதற்கு முன் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 2 மி.மீ. இருந்தது. கேஸில் 0.25 சீவினார்கள், ஹெட்டில் 0.25 சீவினார்கள். இப்போது 1.5. புது கேம் இன்னொரு அரை மி.மீ. எடுத்துக்கொண்டது. மீதி 1. வால்வு சாய்வாக இருப்பதால் கழித்தல் துல்லியமாக இப்படியே வராது. ஆனால் போகும் திசை இதுதான். ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொருவர் செய்திருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தப்பு செய்யவில்லை. கூட்டிப் பார்க்கத்தான் யாரும் இல்லை. அந்தக் கூட்டலைச் செய்து காட்டுவதுதான் களிமண்.

எவ்வளவு இருந்தால் பாதுகாப்பு?

ஏர்கூல்டு 911 இன்ஜின் கட்டுபவர்கள் பரவலாகப் பின்பற்றும் குறைந்தபட்ச அளவுகள் இவை:

• இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும்: 1.5 மி.மீ.
• எக்ஸாஸ்ட் வால்வுக்கும் பிஸ்டனுக்கும்: 2.0 மி.மீ.
• பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும்: 1.0 மி.மீ.

கையால் சுற்றும்போது தொடவில்லை என்றால் போதாதா, எதற்கு ஒன்றரை மி.மீ.? ஓடும் இன்ஜின் வேறு, கையால் சுற்றும் இன்ஜின் வேறு. அதிக வேகத்தில் கனெக்டிங் ராடு இழுபட்டு நீளும். பேரிங்குகளில் உள்ள மெல்லிய இடைவெளி அத்தனையும் ஒரே பக்கமாகச் சேரும். கேமைச் சுற்றும் செயின் அதிரும். வால்வை இழுத்து மூட வேண்டிய ஸ்பிரிங் சற்றுப் பின்தங்கும். இவை எல்லாம் சேர்ந்து தின்றது போக மீதி இருக்க வேண்டும்.

எக்ஸாஸ்டுக்கு ஏன் அரை மி.மீ. கூடுதல்? இன்டேக் வால்வு பிஸ்டனைத் துரத்திக்கொண்டு திறக்கிறது. பிஸ்டன் அதைவிட்டு விலகிப் போகிறது. எக்ஸாஸ்ட் விஷயத்தில் தலைகீழ்: மூடிக்கொண்டிருக்கும் வால்வைப் பிஸ்டன் துரத்திவருகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் சோர்ந்தாலும் பிஸ்டன் பிடித்துவிடும். போதாததற்கு எக்ஸாஸ்ட் வால்வுதான் அதிகம் சூடாகி அதிகம் நீளும்.

களிமண் சோதனை எப்படி நடக்கிறது?

முதலில் ஹெட் இடைவெளி. பிஸ்டன் ஓரத்தில், பின் செல்லும் திசையில், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சால்டர் கம்பியின் துண்டுகளை கிரீஸ் தடவி ஒட்டுவார்கள். பின்னுக்குக் குறுக்காக வைத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு தப்பாக வரும். ஹெட்டை முறைப்படி இறுக்கி, ஒரு சுற்று சுற்றிக் கழற்றினால் கம்பி நசுங்கியிருக்கும். நசுங்கிய தடிமனே இடைவெளி.

அடுத்து வால்வு. படிப்படியாக:

1. பிஸ்டனின் இரண்டு பள்ளங்களிலும் களிமண்ணை சில மி.மீ. தடிமனில் அப்ப வேண்டும். பள்ளத்தின் ஓரங்களையும் மூட வேண்டும். வால்வு முகத்தில் துளி ஆயில் தடவினால் ஒட்டாது.

2. கடைசியில் போடப்போகும் அதே தடிமன் கேஸ்கெட், அதே சிலிண்டர், அதே ஹெட், அதே கேம் போட்டு, டார்க் ரெஞ்சால் முறைப்படி இறுக்க வேண்டும். கேம் பெட்டி மூன்று ஹெட்களின் மேலும் உட்காருவதால், ஒரு சிலிண்டரைச் சோதிக்கவும் அந்தப் பக்கத்தின் மூன்று ஹெட்டும் இருந்தாக வேண்டும்.

3. டேப்பெட்டை 0.1 மி.மீ. வைக்க வேண்டும். செயின் மாட்டி கேம் டைமிங்கைச் சரியாக அமைக்க வேண்டும். டைமிங் தப்பாக இருந்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை.

4. ஸ்பேனரால், மெதுவாக, இன்ஜின் ஓடும் திசையில் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும்.

5. கழற்ற வேண்டும். களிமண்ணில் வால்வின் அச்சு பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளக்க வேண்டும்.

நான்காவது படியில் ஒரு விதி உண்டு: எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘கொஞ்சம் அழுத்திப் பார்ப்போமே’ என்று ஸ்பேனரை இழுத்தால், ஸ்டார்ட் செய்யாமலே வால்வு வளைந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். ஹெட் போடாத சிலிண்டர்கள் மறுபக்கம் இருந்தால், கிராங்கைச் சுற்றும்போது பிஸ்டன் உரசி அவற்றை மேலே தூக்கிவிடும். அவற்றைத் தற்காலிகமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

களிமண்ணில் கிடைக்கும் கூடுதல் லாபம், ஆழம் மட்டுமல்ல, ஓரமும் தெரிகிறது. பெரிய வால்வு போட்டிருந்தால் அடியில் இடம் இருந்தும் வால்வின் விளிம்பு பள்ளத்தின் சுவரில் இடிக்கலாம். டயல் கேஜில் இது பிடிபடாது. களிமண்ணில் அச்சு ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

உச்சியில் அளந்தால் போதாதா?

பலர் தவறுவது இங்கேதான். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதுதான் வால்வு மிக அருகில் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் இன்டேக் வால்வு மிக நெருங்குவது பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் மேலும் 10 முதல் 20 டிகிரி சுற்றிய பிறகு. எக்ஸாஸ்ட் வால்வு மிக நெருங்குவது உச்சிக்கு 10 முதல் 20 டிகிரி முன்பு.

காரணம் எளிது. உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் ரொம்ப மெதுவாக நகரும். 3.2 கரேராவில் உச்சியில் இருந்து கிராங்க் 10 டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் இறங்குவது முக்கால் மி.மீ. அளவுதான். அதே நேரத்தில் இன்டேக் வால்வு வேகமாகத் திறந்துகொண்டிருக்கிறது. பிஸ்டன் விலகுவதைவிட வால்வு நெருங்குவது அதிகம். களிமண், வழியில் எந்த இடத்தில் மிக நெருங்கினாலும் அதைப் பதிந்துவிடுகிறது.

டயல் கேஜ் முறையில் அளப்பவர்கள் இதற்காகவே கிராங்கில் டிகிரி தட்டு மாட்டி, வழக்கமான ஸ்பிரிங்குக்குப் பதில் மெல்லிய ஸ்பிரிங் போட்டு, உச்சிக்கு 20 டிகிரி முன்பிருந்து 20 டிகிரி பின்பு வரை சில டிகிரிக்கு ஒரு முறை நிறுத்தி, வால்வைக் கையால் அழுத்தி பிஸ்டனைத் தொடும் வரையிலான தூரத்தைக் குறித்துக்கொள்வார்கள். மெனக்கெட்ட வேலைதான். ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

டைமிங் மாறினால் இடைவெளியும் மாறும்

911-இல் ஒரு பக்கத்துக்கு ஒரே கேம். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அதுவே இயக்குகிறது. கேமை சற்று முன்னுக்குத் தள்ளினால் இன்டேக் வால்வு சீக்கிரம் திறக்கும். இன்டேக் இடைவெளி குறையும், எக்ஸாஸ்ட் இடைவெளி கூடும். பின்னுக்குத் தள்ளினால் தலைகீழ். இடப்பக்க கேமும் வலப்பக்க கேமும் தனித்தனி செயினில் ஓடுவதால் இரண்டையும் தனித்தனியாகத்தான் அமைக்க வேண்டும். இடப்பக்கம் சரியாக இருப்பதால் வலப்பக்கமும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. களிமண் சோதனையை இரண்டு பக்கமும் செய்வது இதனால்தான்.

இந்த செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் பழைய 911-களின் பலவீனமான இடம். அது தளர்ந்தால் செயின் பல் தாண்டும். டைமிங் ஓடும்போதே மாறும். வால்வும் பிஸ்டனும் சந்தித்துவிடும். 1984 மாடலில் வந்த 3.2 கரேராவில், இன்ஜின் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனரை போர்ஷே கொடுத்தது. பழைய இன்ஜின்களைப் புதுப்பிக்கும் பலர் இன்றும் அதையே வாங்கிப் போடுகிறார்கள். ஒன்றரை மி.மீ. என்பது செயின் சரியாக இருக்கும் வரைக்கும்தான் காவல். தப்பான கியருக்கு மாற்றி இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்றவிட்டாலும் அந்தக் காவல் நிற்காது.

இடைவெளி போதவில்லை என்றால்?

மூன்று வழிகள். மூன்றுக்கும் விலை உண்டு.

சிலிண்டருக்கு அடியில் இருக்கும் செப்பு கேஸ்கெட் வழக்கமாக 0.25 மி.மீ. இன்னும் தடிமனானதைப் போட்டால் சிலிண்டரும் ஹெட்டும் மேலே ஏறும், இடம் கிடைக்கும். சுலபம், செலவும் குறைவு. ஆனால் கம்ப்ரஷன் குறையும். எந்தப் பவருக்காக இவ்வளவும் செய்தோமோ அதில் கொஞ்சம் போகும்.

பிஸ்டனின் பள்ளத்தை லேத் பட்டறையில் ஆழப்படுத்தலாம். கம்ப்ரஷன் அதிகம் இறங்காது. ஆனால் பிஸ்டன் தலையின் தடிமன் குறையும். ஏற்கெனவே மெல்லியதாக இருந்தால், அதிக வெப்பத்தில் அங்கேயே ஓட்டை விழும் ஆபத்து உண்டு. கடைவதற்கு முன் அடியில் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று அளப்பது கட்டாயம்.

மூன்றாவது வழி, ஆசைப்பட்டு வாங்கிய கேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிதமான ஒன்றைப் போடுவது. பலருக்கு இதுதான் மனசுக்குக் கஷ்டம். இன்ஜினுக்குப் பெரும்பாலும் இதுதான் நல்லது.

எதைச் செய்தாலும் மறுபடி முதலில் இருந்து: களிமண், டார்க் ரெஞ்ச், இரண்டு சுற்று, கழற்று, அள. கேஸ்கெட் மாறினால் சிலிண்டர் உயரம் மாறும். அதனால் செயின் ஓடும் பாதை மாறும். அதனால் கேம் டைமிங்கையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

பலர் ஏன் இதைத் தவிர்க்கிறார்கள்?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்து, மெஷினிங்குக்கு அனுப்பி, பாகங்களுக்குக் காத்திருந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஒருவழியாக பூட்டும் நாள் வருகிறது. அந்த நேரத்தில், பூட்டியதை மறுபடி கழற்று என்று சொல்லும் வேலை இது. எதுவும் முன்னேறியதாகத் தெரியாது. பெரும்பாலான நேரம் அளவும் சரியாகவே இருக்கும். ‘வீணா ஒரு நாள் போச்சே’ என்றுதான் தோன்றும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கம், ஒரு நாள் வேலையும் கொஞ்சம் களிமண்ணும். மறுபக்கம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பத்தாயிரக்கணக்கான டாலர் செலவாகும் இன்ஜின் வேலை, முதல் ஸ்டார்ட்டிலேயே பாழாவது. அதோடு, கேஸ் நொறுங்கினால் அதே காலத்துக் கேஸ் ஒன்றைத் தேடி அலைய வேண்டும். 1970-களின் மக்னீசிய கேஸ்கள் இனி அதிகமாகப் போவதில்லை. ஒவ்வொரு தவறுக்கும் ஒன்று குறையும்.

சோதனை முடிந்ததும் களிமண்ணின் கடைசித் துணுக்கு வரை துடைத்தெடுக்க வேண்டும். ஆயில் வழியில் ஒரு துண்டு சிக்கினால் சோதனையே இன்ஜினைக் கெடுத்ததாகிவிடும். அதற்குப் பிறகு அனுபவமுள்ளவர்கள் ஒரு வேலை செய்வார்கள். ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்று, அளந்த எண்கள் அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதுவார்கள். பக்கத்திலேயே கேஸிலும் ஹெட்டிலும் எவ்வளவு சீவினார்கள், என்ன தடிமன் கேஸ்கெட் போட்டார்கள், எந்த கேம் என்பதையும் குறிப்பார்கள்.

அந்த நோட்டு காரோடு போகும். 20 வருஷம் கழித்து வேறு யாரோ அந்த இன்ஜினைப் பிரிப்பார். கம்பெனி புத்தகத்தில் இல்லாத எண்கள் அவருக்கு அதில் கிடைக்கும். அவரும் அதை அப்படியே நம்பிவிடாமல், களிமண்ணை எடுத்து ஒரு முறை அளந்து பார்ப்பதுதான் முறை.